பூட்டிய வீட்டுக்குள் அவர் என்ன செய்தார்? வன்னியிலிருந்து ஒரு நிகழ்வு ஆய்வு

இதில் வரும் பெண்ணுக்கும் ஆணுக்கும் பெயர் இல்லை. ஊர், தொழில், மாதம் எல்லாவற்றையும் ஆளை அடையாளம் பிடிக்க முடியாதபடி மாற்றியிருக்கிறேன். அந்தப் பெண் முழுவதையும் வாசித்து, இரண்டு இடங்களில் திருத்தம் சொல்லி, சம்மதம் தந்த பிறகே எழுதி முடித்தேன். இலங்கையின் வடக்கில், வன்னியில், கிளிநொச்சி, முல்லைத்தீவுப் பக்கம் உளசமூகப் பணி செய்பவர்களில் நானும் ஒருவர்.

நிகழ்வைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். 24 வயதுப் பெண் ஒருவரை அவருடைய கணவர் ஏறத்தாழ ஏழு மாதங்கள் வெளியே விடாமல் வைத்திருந்தார். கடைசி நான்கு மாதங்கள் வெளிப்பக்கம் ஆமைப்பூட்டுப் போட்டு. உடம்பில் பெரிய காயம் எதுவும் இல்லை. அயலில் யாரும் கூச்சல் கேட்கவில்லை. முதல் தடவை தப்பி வந்தபோது பெரியவர்கள் கூடிக் கதைத்துத் திருப்பி அனுப்பிவிட்டார்கள். இரண்டாம் தடவை அவர் வெளியே வந்தது தன்னுடைய யோசனையால்.

இதை ஒரு சினிமாப் படத்தோடு சேர்த்துத்தான் எழுத வேண்டியிருக்கிறது. படம் ‘குணா’. இந்த வழக்கில் அந்தப் படத்தின் பாட்டு ஒன்று நேரடியாகவே வருகிறது. அதைவிட முக்கியமான காரணம், முதல் தடவை இந்தப் பெண்ணைத் திருப்பி அனுப்பியவர்கள் எல்லாரும் கெட்டவர்கள் இல்லை என்பது. ஒருத்தியை அடைத்து வைத்தவனின் கதையை எப்படிக் கேட்பது, யாருக்காகக் கண் கலங்குவது என்பதை நாங்கள் எங்கேயோ பழகியிருக்கிறோம். அந்தப் பழக்கத்தில் நாங்கள் விரும்பிப் பார்த்த படங்களுக்கும் பங்கு உண்டு.

எழுத்து வரை

அவர் ஆடைத் தொழிற்சாலையில் வேலை செய்தார். விடிய ஐந்தரைக்குச் சந்தியில் நின்றால் கொம்பனி பஸ் வரும். அந்தச் சந்தியில், பிறகு கணவரானவரும் வந்து நிற்கத் தொடங்கினார். நெல்லு வெட்டும் மெசின் ஓடுகிறவர், 31 வயது, நல்ல உழைப்பாளி, குடிப்பதில்லை. ரீலோட் கடையில் யாரிடமோ நம்பரை வாங்கியிருந்தார். முதலில் மெசேஜ், பிறகு அழைப்பு, பிறகு கையை பிளேட்டால் கீறிப் படம் எடுத்து அனுப்பியது. ஒரு வருசத்துக்கு மேல் இது நடந்தது. அந்தப் பெண் பயந்து வேறு சந்திக்குப் போய் ஏறினால் அங்கேயும் மோட்டார் சைக்கிள் நிற்கும்.

கூட வேலை செய்த பிள்ளைகள் முதலில் பயந்தார்கள். பிறகு, “உன்னில எவ்வளவு ஆசை இருந்தா இப்பிடி நிப்பான்” என்று சொல்லத் தொடங்கினார்கள். அந்த மாற்றம் எப்போது நடந்தது என்று அவரிடம் கேட்டேன். மழைக்காலத்தில், நனைந்துகொண்டு நின்றதைப் பார்த்த பிறகு என்றார்.

தாய்க்கு நுண்கடன் இருந்தது. தவணை தவறி, கடன் கொடுத்தவர்கள் வீட்டு வாசலில் வந்து இருக்கிற நிலை. அதை அந்த மனிதர் கட்டினார். யாரும் கேட்காமலே கட்டினார். அதற்குப் பிறகு அந்த வீட்டில் அவரைப் பற்றி மறுத்துக் கதைக்க ஆள் இல்லை. மூன்று மாதத்தில் எழுத்து, அதாவது கலியாணப் பதிவு, நடந்தது.

வீடு

இந்திய வீட்டுத் திட்டத்தில் கட்டிய வீடு. இரண்டு அறை, ஒரு ஹோல், குசினி. உள்ளே பூச்சு முடிந்திருந்தது, வெளியே கல் தெரியும். கிணறும் மலசலகூடமும் வளவின் பின்பக்கம். வளவு முடிகிற இடத்தில் காடு தொடங்குகிறது. பக்கத்து வீடு கூப்பிடு தூரத்தில் இருந்தாலும் அதில் இருந்தவர்கள் பகலில் தோட்டத்துக்குப் போய்விடுவார்கள்.

ஒரே நாளில் யாரும் சிறைப்படவில்லை. முதல் வாரம் சிம் மாறியது: “பழைய நம்பரில கண்டவனும் எடுப்பான்.” அடுத்து வேலை நின்றது: “நான் உழைக்கிறன்தானே.” பிறகு அடையாள அட்டை, பாங்குப் புத்தகம், பிறப்புச் சான்றிதழ் எல்லாம் பத்திரமாக இருக்கட்டும் என்று கணவருடைய தகரப் பெட்டிக்குள் போனது. தாய் வந்து பார்ப்பது இரண்டு கிழமைக்கு ஒருமுறை ஆகி, பிறகு மாதம் ஒருமுறை ஆனது. இதற்கிடையில் ரீவி வந்தது, பிறிட்ஜ் வந்தது. வந்து பார்த்த சொந்தக்காரருக்குக் கண்ணில் பட்டது அந்த இரண்டும்தான்.

மூன்றாம் மாதம் ஒருநாள், கணவர் மெசின் சாமான் வாங்கக் கிளிநொச்சி ரவுனுக்குப் போன நேரம், அவர் குறுக்குப் பாதையால் நடந்து ஏ9 வீதிக்கு வந்து தாய் வீட்டுக்குப் போய்விட்டார். அன்றிரவே கணவரும் வந்தார். சண்டை பிடிக்கவில்லை. தாயின் காலில் விழுந்து அழுதார்.

முதல் அறிக்கை

அடுத்த நாள் பெரியப்பா வீட்டில் கூட்டம். பிறகு ஓர் அலுவலகத்தில் விசாரணை. எந்த அலுவலகம் என்பது இங்கே தேவையில்லை. அங்கே எழுதப்பட்ட அறிக்கையின் பிரதி பின்னாளில் வழக்குக்காக என் கைக்கு வந்தது.

கணவரைப் பற்றி மூன்று பக்கம். 2009 மார்ச்சில், போரின் கடைசி மாதங்களில், மாத்தளனில் தாய் ஷெல் பட்டு இறந்தது, அப்போது அவருக்கு 16 வயது, தாயைக் கடற்கரை மணலில் தானே புதைத்தது, மெனிக் பாம் அகதி முகாமில் தனியாக இருந்தது, பிறகு சித்தப்பா வீட்டில் அடி வாங்கி வளர்ந்தது. “அம்மாவுக்குப் பிறகு எனக்கு எண்டு இருக்கிறது இவள் மட்டும்தான்” என்று அவர் சொன்னதும் இருக்கிறது. எழுதியவருக்கு எழுதும்போதே மனம் உருகியிருக்கிறது என்பது வசனங்களில் தெரியும்.

பெண்ணைப் பற்றி நான்கு வரி. வயது, படிப்பு, எழுத்து நடந்த திகதி, “சிறு மனஸ்தாபம் காரணமாகத் தாய் வீடு சென்றுள்ளார், அறிவுரை வழங்கப்பட்டது.”

அந்த நான்கு வரியில் இல்லாதது இது. அதே மார்ச்சில் அதே மாத்தளனில் இந்தப் பெண்ணும் இருந்தார், ஒன்பது வயதில். தகப்பன் அங்கேதான் இறந்தார். பதுங்கு குழியின் வாசலில் விழுந்து கிடந்த தகப்பனைத் தாண்டித்தான் வெளியே வந்தார்கள். யாரும் கேட்கவில்லை, அதனால் அவர் சொல்லவும் இல்லை. வன்னியில் 2009ஐக் கடந்து வந்த எந்த வீட்டில் இழப்பு இல்லை? ஒருவருடைய காயம் அவர் மற்றவரைப் பூட்டி வைப்பதற்கு விளக்கமாகிறது. மற்றவருடைய காயம் கோப்பிலேயே ஏறுவதில்லை. எனக்கு இந்த வழக்கில் மிகவும் கோபம் வந்த இடம் இதுதான். இன்றைக்கும் அந்தக் கோபம் போகவில்லை.

அறிவுரை வழங்கப்பட்டு அவர் திரும்பிப் போனார். போன மறுநாள் யன்னல்களுக்கு வெளியே மரச் சிலாகை அடிக்கப்பட்டது. கதவுக்கு ஆமைப்பூட்டு வந்தது. திறப்பு (சாவி) கணவரின் இடுப்பு நூலில்.

படத்தில் நாங்கள் யாரோடு இருக்கிறோம்

‘குணா’ 1991 தீபாவளிக்கு வந்த படம். சந்தானபாரதி இயக்கம், பாலகுமாரன் வசனம், இளையராஜா இசை. மின்சாரம் இல்லாத காலத்தில் ஜெனரேற்றரும் டெக்கும் வாடகைக்கு எடுத்து முற்றத்தில் பாய் போட்டுப் படம் பார்த்த எங்கள் தலைமுறைக்கு அது தெரியாத படம் இல்லை. பாலியல் தொழில் நடத்தும் தாயின் வீட்டில் வளர்ந்த, மனநோயுள்ள குணா, கோயிலில் கண்ட பணக்காரப் பெண்ணை, தான் கனவு காணும் அபிராமி என்று நம்பிக் கடத்திக்கொண்டு போகிறான். கொடைக்கானல் மலையில், ‘பிசாசின் அடுப்பங்கரை’ என்று வெள்ளைக்காரர் பெயர் வைத்திருந்த குகைப் பக்கம் எடுத்தார்கள். படத்துக்குப் பிறகு அது குணா குகை ஆகிவிட்டது. அந்தப் பெண்ணின் உண்மையான பெயர் ரோகிணி. அது எத்தனை பேருக்கு நினைவிருக்கிறது?

அந்தப் படத்தை நான் சின்னதாக நினைக்கவில்லை. கமல் ஹாசன் அதில் செய்திருப்பது பெரிய வேலை. அதனால்தான் கவனமாகப் பார்க்க வேண்டியிருக்கிறது. கதை இரண்டு காரியம் செய்கிறது. முதலாவது, கடத்தியவனுக்கு ஒரு குழந்தைப் பருவத்தைக் கொடுக்கிறது. தமிழில் இந்த வகைப் படங்கள் பலவும் அதைச் செய்கின்றன. மட்டக்களப்பில் பிறந்த பாலு மகேந்திரா 1980இல் எடுத்த ‘மூடுபனி’யில், தாயைத் தகப்பன் கொடுமைப்படுத்தியதைக் கண்டு வளர்ந்தவன் ஒரு பெண்ணைக் கடத்தி ஊட்டியில் ஒரு வீட்டில் வைத்திருக்கிறான். 2003இல் செல்வராகவனின் ‘காதல் கொண்டேன்’ நாயகன் சிறுவயதில் சுரண்டப்பட்ட அநாதை. அவனும் அவளைக் காட்டுக்குத்தான் கொண்டுபோகிறான். மூன்று பேருடைய சிறுவயதும் எங்களுக்குத் தெரியும். அவர்கள் பிடித்து வைத்த பெண்களின் சிறுவயதைப் பற்றி என்ன தெரியும் என்று யோசித்துப் பாருங்கள்.

இரண்டாவது காரியம் இன்னும் நுணுக்கமானது. ‘குணா’வில் ரோகிணியின் சொத்துக்காக அவளைக் கைக்குள் வைத்திருக்கும், கொல்லவும் தயங்காத இன்னொருவன் வெளியே இருக்கிறான். அவனைக் காட்டியதும் குகை பாதுகாப்பான இடமாகத் தெரியத் தொடங்குகிறது. எங்கள் வழக்கில் அந்த வேலையைத் தாயின் கடன் செய்தது. “தாய் வீட்டில இருந்து மட்டும் என்ன சுகத்தைக் கண்டவள்? கடன்காரனுக்கு ஒளிச்சு ஒளிச்சுத் திரிஞ்சவள்தானே” என்று பெரியப்பா வீட்டுக் கூட்டத்தில் ஒருவர் கேட்டாராம். கேள்வி ரோகிணிக்கும் பொருந்தும்.

அப்புறம் அந்தப் பாட்டு. வாலி எழுதி, கமலும் எஸ். ஜானகியும் பாடிய ‘கண்மணி அன்போடு காதலன்’. கலியாண அல்பத்துக்கெல்லாம் போடுகிறோம். 2024இல் ‘மஞ்ஞும்மல் போய்ஸ்’ என்ற மலையாளப் படம் அதை மறுபடி எல்லாருடைய போனுக்கும் கொண்டுவந்தது. அந்தப் பாட்டில் என்ன நடக்கிறது? அவன் சொல்கிறான், அவள் எழுதுகிறாள். கடத்தப்பட்டவளின் கை, கடத்தியவனின் காதல் கடிதத்தை எழுதுகிறது. இவ்வளவு காலம் கேட்டும் நான் அதை அப்படி யோசித்ததில்லை. இந்தப் பெண்ணின் கோப்பைப் படித்த பிறகுதான் பட்டது.

வெளிக்கள உத்தியோகத்தர்களுக்கான ஒரு பயிற்சியில் இந்தப் படத்தைப் போட்டோம். நடுநடுவே நிறுத்தி ஒரு துண்டுக் காகிதத்தில் எழுதச் சொன்னோம்: இப்போது அவன் என்ன நினைக்கிறான்? அவள் என்ன நினைக்கிறாள்? அவனுக்குத் துண்டு போதாமல் பின்பக்கமும் எழுதினார்கள். அம்மா, அபிராமி, பௌர்ணமி, கல்யாணம் எல்லாம் வந்தது. அவளுக்கு அநேகமாக எல்லாத் துண்டிலும் ஒரே சொல்: பயம். கொஞ்சம் போன பிறகு: அன்பு. நடுவில் ஒன்றும் இல்லை. ஓய்வு பெறும் வயதை நெருங்கிய அம்மா ஒருவர் மட்டும் வேறு மாதிரி எழுதியிருந்தார். “இந்தப் பிள்ளை எங்க போய் ஒண்டுக்கு இருக்கும்? மாற்றுத்துணி இருக்குதோ? அவன் நித்திரை எண்டு எப்பிடித் தெரிஞ்சுகொள்ளும்?” அந்தத் துண்டை இன்னும் வைத்திருக்கிறேன். எங்களுடைய தொழிலுக்கு அதைவிட நல்ல கேள்விக் கொத்து எனக்குக் கிடைத்ததில்லை. இந்தப் பெண்ணுடைய நாட்களைக் கேட்டு எழுதியதும் அந்தக் கேள்விகளை வைத்துத்தான்.

உள்ளே

கணவர் விடிய நாலரைக்கு வெளிக்கிடுவார். அதற்கு முன் அந்தப் பெண் எழும்பிச் சோறு, கறி சமைத்துக் கட்டிக் கொடுக்க வேண்டும், கிணற்றடி வேலையும் மலசலகூடமும் அந்த இருட்டில் முடித்துவிட வேண்டும். பிறகு பூட்டு விழும். உள்ளே ஒரு வாளி. வெயில் ஏற ஏற அந்த வாளியின் நாற்றத்தோடு இருப்பதுதான் தனக்கு அடியைவிடப் பெரிய அவமானமாக இருந்தது என்று, பல சந்திப்புகளுக்குப் பிறகு சொன்னார். தண்ணீர் குடித்தால் போக வேண்டிவரும் என்று குடிக்காமல் இருந்து சலக்கடுப்பு வந்தது.

மணிக்கூடு இல்லை, அதைக் கணவர் கழற்றிவிட்டார். ஆனால் நேரம் தெரியும். பாண் ஓட்டோவின் பாட்டு றோட்டில் கேட்டால் ஆறரை. அதன் பிறகு பள்ளிக்கூடப் பிள்ளைகளின் சைக்கிள் மணி. மீன்காரரின் ஹோன் பத்து மணிக்குச் சற்று முன்பின். யன்னல் சிலாகை இடைவெளியால் விழும் வெயில்கீற்று பிறிட்ஜின் காலைத் தொட்டால் இரண்டரை. தோட்டத்துக்குப் போனவர்கள் எப்போது திரும்புகிறார்கள், அவர்களுடைய நாய் எந்த மாதிரிக் குரைத்தால் வந்திருப்பது தெரிந்த ஆள், எந்த மாதிரிக் குரைத்தால் தெரியாத ஆள் என்பதெல்லாம் அவருக்கு மனப்பாடம். கணவருடைய மோட்டார் சைக்கிள் சத்தத்தில் அவர் என்ன மனநிலையில் வருகிறார் என்று சொல்லுவார். படலையடியில் எஞ்சினை நிறுத்தித் தள்ளிக்கொண்டு வந்தால் சந்தேகம், நேரே உள்ளே ஓடி வந்தால் நல்ல நாள்.

காலபோக (பெரும்போக) நெல் அறுவடை தொடங்கியதும் கணவர் மன்னார்ப் பக்கம் வெட்டுக்குப் போய் இரவிலும் வராமல் விட்டார். அப்படி ஓர் இரவு வளவுக்குள் யானை வந்தது. ஹோலில் நெல்லு மூட்டை அடுக்கியிருந்தது. நெல்லு மணத்துக்கு யானை சுவரை இடிக்கும் என்பது வன்னியில் எந்தப் பிள்ளைக்கும் தெரியும். மற்றவர்கள் என்றால் பின்கதவால் ஓடுவார்கள். இவர் லாம்பை நூர்த்தார். யானை எந்தப் பக்கம் என்று சுவரில் காதை வைத்துக் கேட்டார். வாழையை முறிக்கிற சத்தம் குசினிப் பக்கம் வந்ததும், முன்சுவரோடு இருந்த மூட்டைகளை ஒவ்வொன்றாக இழுத்து நடுவில் சேர்த்தார், சுவர் விழுந்தாலும் தன் மேல் விழாத இடமாக மற்ற அறை மூலையில் கட்டிலுக்குக் கீழே போய்ப் படுத்தார். தூரத்தில் யாரோ யானை வெடி கொளுத்திய பிறகுதான் அது போனது. காலையில் வந்த கணவர் மூட்டை இடம் மாறியிருப்பதைக் கண்டு, “ஆர் வந்தது?” என்றுதான் கேட்டார்.

அந்த இரவுதான் முடிவெடுத்தேன் என்று அவர் சொன்னார். அதற்கு முன் சாவதைப் பற்றி யோசித்திருக்கிறார். கட்டிலுக்குக் கீழே கிடந்தபோது, சாக விருப்பம் இல்லை என்பது தெளிவாகத் தெரிந்ததாம்.

கிளினிக்

இலங்கையில் அரசாங்கத்தின் கண் வீட்டு வாசல் தாண்டி உள்ளே வருவது பெரும்பாலும் ஒருவர் மூலம்: குடும்பநல உத்தியோகத்தர், சனம் சொல்வதுபோல மிட்வைஃப் மிஸ். தன் பிரிவில் மணமான, பிள்ளை பெறும் வயதுப் பெண்களைப் பதிவேட்டில் வைத்திருந்து வீடு வீடாகப் போக வேண்டியது அவருடைய வேலை. புதிதாகக் கலியாணம் கட்டியவர்கள் அந்தப் பட்டியலில் முக்கியமானவர்கள்.

இந்தப் பிரிவின் மிஸ் இரண்டு தடவை வந்து, பூட்டைக் கண்டு, ஆள் இல்லை என்று போயிருக்கிறார். மூன்றாம் தடவை அவருடைய ஸ்கூட்டியின் சத்தத்தை உள்ளே இருந்தவர் அடையாளம் பிடித்துவிட்டார். சிலாகை இடைவெளியால் கூப்பிட்டார். மிஸ் பதறிப்போய் உடனே பொலிசுக்கு அடிக்கப் போனை எடுத்தார். உள்ளே இருந்தவர் மறித்தார். பொலிஸ் வந்தால் கணவருக்குத் தெரியும், பெரியப்பா வருவார், திரும்ப அதே கூட்டம், திரும்ப அறிவுரை. அவர் கேட்டது வேறு.

“மிஸ், எனக்கு நாள் தள்ளிப்போயிருக்குது எண்டு எழுதுங்கோ. அவர் வீட்டில நிக்கிற நேரமா வந்து, கிளினிக்குக்கு வரச் சொல்லுங்கோ.”

கணவருக்குப் பிள்ளை ஆசை இருந்தது. தானே மோட்டார் சைக்கிளில் ஏற்றிக்கொண்டு வந்தார். கிளினிக்கில் ஆண்கள் வெளியே மரத்துக்குக் கீழேதான் இருப்பார்கள். உள்ளே சுகாதார வைத்திய அதிகாரியிடம் ஐந்து நிமிடத்தில் எல்லாம் சொல்லப்பட்டது. சலக்கடுப்பு உண்மையாகவே இருந்ததால், அதைக் காட்டி அம்புலன்ஸில் மாவட்ட வைத்தியசாலைக்கு அனுப்பினார்கள். அங்கே வன்முறைக்கு உள்ளான பெண்களுக்கென்று ‘நட்பு நிலையம்’ இருக்கிறது. அங்கேதான் அவரை முதன்முதல் பார்த்தேன். கையில் ஒரு பொலித்தீன் பை. அதற்குள் அடையாள அட்டையின் போட்டோப் பிரதி. கணவர் பெட்டியைத் திறந்து வைத்திருந்த ஒரு நாள் பிரதியை மட்டும் எடுத்து, அரிசி வாளிக்கு அடியில் பல வாரம் மறைத்து வைத்திருந்திருக்கிறார். மூலத்தை எடுத்தால் கண்டுபிடித்துவிடுவார் என்று எடுக்கவில்லை.

இவ்வளவையும் செய்தவரைப் பற்றித்தான் முதல் அறிக்கை “அறிவுரை வழங்கப்பட்டது” என்கிறது.

பெயர் சூட்டுவது

இந்த வழக்கைப் பற்றிய எங்கள் கூட்டமொன்றில் ஒருவர், “இது ஸ்டொக்ஹோம் நோய்க்குறிதானே, நாலு மாதமும் அந்த ஆளுக்குச் சோறு கட்டிக் குடுத்திருக்கிறா” என்றார். பிடித்து வைத்தவர் மேலேயே பாசம் வந்துவிடுவதற்குச் சொல்லும் பெயர் அது. சோறு நேரத்துக்குக் கட்டிக் கொடுத்த நாளில் இரவில் விளக்கைப் போட்டுவைக்கக் கணவர் விடுவார், முகம் சுழித்தால் விடமாட்டார். அந்தப் பெண் சமைத்தது விளக்குக்காக. 1973 ஆகஸ்டில் ஸ்டொக்ஹோம் வங்கியொன்றில் ஆறு நாள் பணயக்கைதிகளாக இருந்தவர்களில் ஒரு பெண், சுவீடன் பிரதமரையே தொலைபேசியில் அழைத்து, பொலிஸ் உள்ளே பாய்ந்தால்தான் சாவோம் என்று பயப்படுவதாகச் சொன்னார். அந்தப் பயத்துக்குக் காரணம் இருந்தது. ஆனால் பொலிசுக்கு ஆலோசகராக நின்ற மனநல மருத்துவர் வைத்த பெயர்தான் உலகம் முழுக்கப் பரவியது. மனநோய்களை வகைப்படுத்தும் டி.எஸ்.எம். கையேட்டில் அது ஒரு நோயாக இல்லை. எங்கள் கோப்பில் அந்தச் சொல்லை எழுத விடவில்லை.

கணவரையும் மனநல மருத்துவர் பார்த்தார். குணாவுக்கு இருந்தது போன்ற சித்தப்பிரமை எதுவும் இல்லை. வெளியில் அவர் மெசின் கணக்கை ஒழுங்காக வைத்திருந்தார், கடன் வாங்கியதில்லை, பெரியவர்களைக் கண்டால் சாரத்தை இறக்கிவிடுவார். மனைவியிடம் மட்டும் இப்படி நடந்தார் என்றால், எங்கே எப்படி நடக்க வேண்டும் என்பது அவருக்கு நன்றாகத் தெரிந்திருக்கிறது. படங்களில் பெண்ணை அடைத்து வைப்பவன் மனம் பேதலித்தவன். அதனால் ஒழுங்கான ஆள் ஒருவர் அதைச் செய்தால் சனத்துக்கு நம்ப முடியாமல் போகிறது. இவான் ஸ்டார்க் என்ற அமெரிக்க ஆய்வாளர் 2007இல் வெளியிட்ட நூலில் இதைக் கட்டாயக் கட்டுப்பாடு என்று விவரித்தார். பணம், போக்குவரத்து, உறவு, நித்திரை என்று ஒவ்வொன்றாகக் கைப்பற்றுவது. இங்கிலாந்தில் 2015இல் அது தனிக் குற்றமானது. இங்கே அந்தப் பெயரில் குற்றம் இல்லை.

இருக்கிற சட்டத்தைப் பயன்படுத்தினோம். 2005ஆம் ஆண்டின் 34ஆம் இலக்க வீட்டு வன்முறைத் தடுப்புச் சட்டம் அடியை மட்டும் பார்ப்பதில்லை, கடுமையான மன ரீதியான கொடுமையையும் உள்ளடக்குகிறது. நீதவான் நீதிமன்றத்தில் முதலில் இடைக்காலக் கட்டளை, அது 14 நாள் வரை. விசாரணைக்குப் பிறகு 12 மாதங்களுக்குப் பாதுகாப்புக் கட்டளை கிடைத்தது. அதை மீறினால்தான் சிறையோ தண்டமோ. பலர் இதைப் பிழையாக விளங்கி, கட்டளை வந்ததும் ஆளை உள்ளே போடுவார்கள் என்று நினைக்கிறார்கள்.

கட்டளை வந்த மூன்றாம் வாரம் கணவர் வட்ஸ்அப்பில் எழுத்துக் கலியாணப் படத்தைப் போட்டு, பின்னணியில் அந்தக் குணா பாட்டை வைத்தார். பிறகு அதே பாட்டைப் பெண்ணின் புது நம்பருக்கு இன்னொருவர் போனில் இருந்து அனுப்பினார். சொந்தக்காரர் பலர் இரங்கி எழுதியிருந்தார்கள். முறைப்பாட்டை எடுத்த பொலிஸ் உத்தியோகத்தர் கேட்டுவிட்டு, “இது பாட்டுத்தானே தங்கச்சி, என்ன மிரட்டல் இருக்கு?” என்றார். தொடர்பு கொள்ளக் கூடாது என்பது கட்டளையில் எழுதியிருக்கிறது, எந்தப் பாட்டு என்று சட்டம் பார்க்காது என்று சட்டத்தரணி விளக்கிய பிறகே அது மீறலாகப் பதியப்பட்டது. புது நம்பரை எப்படியோ கண்டுபிடித்திருக்கிறார் என்பதுதான் அந்தப் பாட்டில் இருந்த மிரட்டல். அந்த இரவு அந்தப் பெண் நித்திரை கொள்ளவில்லை.

இப்போது

கதவைச் சாத்தினால் மூச்சு முட்டுகிறது, திறந்து வைத்தால் பயம். மெசின் சத்தம் கேட்டால் வயிறு பிசைகிறது. அறுவடை மாதத்தில் வன்னியில் மெசின் சத்தம் கேட்காத இடம் எது? கணவருக்கு ஆர் சமைப்பது என்ற கவலை சில நேரம் வந்துவிட்டுப் போகிறது, அதற்காகத் தன்னையே திட்டிக்கொள்கிறார். திட்டத் தேவையில்லை என்று சொல்லியிருக்கிறேன். மனநலப் பிரிவில் சிகிச்சை தொடர்கிறது. தாயின் கடனுக்காகக் கட்டிய பணத்தைக் கணவர் தரப்புத் திருப்பிக் கேட்கிறது. தாய் இன்னும் முழுவதாக மகளின் பக்கம் வரவில்லை.

விவாகரத்து வழக்கு மாவட்ட நீதிமன்றத்தில் இருக்கிறது. எங்கள் திருமணச் சட்டத்தில் விவாகரத்துக்கு மூன்றே காரணங்கள்: பிறர்மனை உறவு, வேண்டுமென்றே கைவிட்டுப் போதல், திருமணத்தின்போதே இருந்த தீராத ஆண்மைக் குறைவு. மனைவியைப் பூட்டி வைத்தது அந்தப் பட்டியலில் இல்லை. வீட்டை விட்டு வந்தது இவர் என்பதால், கைவிட்டவர் இவர்தான் என்று எதிர்த்தரப்பு சொல்கிறது. கணவரின் நடத்தைதான் அவரை வெளியே போக வைத்தது, அதனால் சட்டத்தின் கண்ணில் கைவிட்டவர் கணவரே என்று நிறுவ வேண்டும். அதற்கு அந்த வீட்டுக்குள் ஒவ்வொரு நாளும் என்ன நடந்தது என்பது சாட்சியாக வேண்டும்.

முதல் அறிக்கையின் மூன்று பக்கத்தை எதிர்த்தரப்புச் சட்டத்தரணி இணைத்திருக்கிறார். எங்கள் பக்கத்தில் மிட்வைஃப் மிஸ்ஸின் பதிவேட்டுக் குறிப்பு, வைத்தியசாலை அறிக்கை, சிலாகை அடித்த யன்னலின் படம், அவற்றோடு அந்தப் பெண் சிஆர் கொப்பியில் தானே எழுதிய விவரம் இருக்கின்றன. நாலரை மணி, வாளி, பாண் ஓட்டோ, பிறிட்ஜ் காலடியில் வெயில், யானை வந்த இரவு, எல்லாம் நேர வரிசையில். இன்னும் எழுதி முடியவில்லை என்கிறார். அடுத்த வழக்குத் தவணைக்கு முன் முடித்துத் தருவதாகச் சொல்லியிருக்கிறார்.